சம்பளச் சீட்டைப் படிக்கும் தலைமுறை

"எந்தக் கம்பெனியிலும் இவனுக்குக் கால் தரிக்கவில்லை" என்று மகனைப் பற்றிக் குறைப்படும் பெரியவர்களுக்கு இது. டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். அவர் பொறுப்பில்லாதவர் அல்ல, கணக்குத் தெரிந்தவர்.

1981 முதல் 1996 வரை பிறந்தவர்களை மில்லினியல் என்கிறார்கள். அவர்களில் மூத்தவர்கள் வேலை தேடிய நேரத்தில்தான் பென்ஷன் போனது. தமிழக அரசில் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்கும், படைத்துறை நீங்கலாக மத்திய அரசில் 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களுக்கும் பழைய ஓய்வூதியம் இல்லை என்றானது. ஒரே இடத்தில் முப்பது வருஷம் உழைத்தால் கடைசிக் காலத்துக்குக் கவலையில்லை என்று நீங்கள் நம்பினீர்கள். அந்த ஏற்பாடே இல்லாதவர் எதற்காக ஒரே இடத்தில் இருக்க வேண்டும்?

ஆஃபர் லெட்டரையும் பாருங்கள். வருஷத்துக்கு 12 லட்சம் சிடிசி, அதாவது ஒருவருக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு, என்றால் மாதம் ஒரு லட்சம் என்றுதான் நினைப்போம். அடிப்படைச் சம்பளம் 50,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் கட்டும் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 6,000. அதுவும் அந்த லட்சத்துக்குள்தான். ஊழியர் பங்கு இன்னொரு 6,000. கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், 2,405. வேரியபிள் பே 10,000 என்றால், இலக்கை எட்டினால்தான் அது வரும். மிச்சம் 75,595. வருமான வரி உண்டென்றால் அது தனி.

இதில் கிராஜுவிட்டிதான் மனசை அறுப்பது. நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருஷம் முடிந்தால்தான் அது உண்டு. மூன்றாம் வருஷம் விலகினால், வருஷா வருஷம் சிடிசியில் காட்டிய தொகை கைக்கு வராது. சட்டப்படி சரிதான், ஆனால் கையில் வராததைச் சம்பளம் என்று எழுதிக் காட்டுவது நியாயமாக எனக்குப் படவில்லை.

இருபத்திரண்டு வயதில் பிடித்த டேபிள் டென்னிஸ் மேசையும் இலவசக் காபியும் இப்போது அவருக்குப் பெரிதில்லை. வேண்டியது நேரம். வாரம் 90 மணி நேர வேலையைப் பற்றி எல்&டி தலைவர் பேசியது 2025 ஜனவரியில் வெளியானபோது இவர்கள் கொதித்ததில் வியப்பில்லை. ஞாயிறையும் சேர்த்துத் தினம் ஏறக்குறைய 13 மணி நேரம் அது! மகளாக இருந்தால் குழந்தைகள் காப்பகம் உண்டா என்பது முதல் கேள்வி. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் அது இருக்க வேண்டும் என்று 2017இலேயே மகப்பேறு சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்.

இன்னொன்று உங்களைப் பற்றியது. உங்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தனியாகப் பாலிசி எடுத்தால் மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். கம்பெனியின் குரூப் பாலிசியில் பெற்றோரைச் சேர்த்தால் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே செல்லும். அதனால்தான் எச்.ஆரிடம் அவர் சம்பளத்துக்கு முன்பே அதைக் கேட்கிறார். வேலையை விட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப் பாலிசியாக மாற்ற வழி உண்டா என்று, கடைசி வேலைநாளுக்கு முன்பே விசாரித்து வைக்கச் சொல்லுங்கள்.