தோட்டத்தில் தொடங்கிய உத்தியோகம்

சீன தேசத்தில் சூசௌ என்று ஒரு நகரம். கால்வாய்களுக்கும் பட்டுக்கும் பேர்போன ஊர். பட்டு என்றதும் உங்களுக்குக் காஞ்சீபுரம் ஞாபகம் வருகிறதல்லவா? வரட்டும், அந்தப் பக்கம்தான் போகப்போகிறோம். அதற்குமுன் சூசௌவில் ஒரு தோட்டத்தை எட்டிப் பார்த்துவிடுவோம்.

16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாங் சியன்சென் என்ற அதிகாரி, அரசாங்க உத்தியோகத்தை விட்டு வந்து அமைத்த தோட்டம் அது. செடிக்கு நீர் வார்ப்பதும் கறிகாய் விற்பதுமே அரசியலில் சோபிக்காதவனுக்கு ஏற்ற ராஜ்யபாரம் என்று ஒரு பழம் பேச்சு உண்டு. அதிலிருந்தே தோட்டத்துக்குப் பெயர் வைத்தார் மனிதர்!

உள்ளே நுழைந்ததும் எல்லாம் கண்ணில் பட்டுவிடாது. ஒரு சுவர் மறைக்கும்; நடைபாதை வளையும்; சாளரத்தின் வழியே ஒரு மூங்கில் கொத்து, மாட்டி வைத்த சித்திரம்போல் தெரியும். பாறை, நீர், செடி, கட்டடம் – இந்த நான்கையும் கொண்டு நாலு சுவருக்குள் ஒரு மலைநாட்டையே படைத்துவிடுவார்கள். வெளியே தொலைவில் நிற்கும் புத்த கோபுரம்கூட மரங்களின் இடையே தெரிகிறது. இதற்குச் சீனர் வைத்த பெயர், 'இரவல் காட்சி'. சூசௌவின் தோட்டங்களை 1997-இல் யுனெஸ்கோ உலகச் செல்வமாக ஏற்றது.

அழகுதான். ஆனால் மதிலுக்குள் இருந்த அழகு. ஒரு குடும்பத்தின் சொத்து.

இப்போது உத்திரமேரூருக்கு வாருங்கள். காஞ்சீபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டியவை, இருக்கின்றன. குடவோலைத் தேர்தலைப் பற்றி நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதில் தோட்டத்துக்கு இருந்த இடத்தைக் கவனித்தீர்களா?

ஊரில் 30 குடும்புகள். குடும்புக்கு ஒருவராக 30 பேர் வேண்டும். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத சிறுவன் ஒருவன் கைவிட்டு எடுப்பான். வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏந்த வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளியக்கூடாதல்லவா!

வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். 360 நாள் பதவி. சம்வத்சர வாரியத்துக்கு யாரை எடுப்பது? முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களையும், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களையும்!

பார்த்தீர்களா வேடிக்கையை? சீனத்து அதிகாரி உத்தியோகம் போனபின் தோட்டத்துக்கு வந்தார். நம் உத்திரமேரூர்க்காரரோ தோட்டத்தில் தொடங்கி மேலே போனார். செடியையும் தண்ணீரையும் பேணத் தெரிந்தவனிடம் ஊரை ஒப்படைக்கலாம் என்று நினைத்தார்கள்.

கண்டிப்பும் குறைவில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. மாமன் செய்த தவறுக்கு மருமகனும் வெளியே!

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வரி செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் உடைய, 35-க்கு மேல் 70-க்கு உட்பட்ட ஆண்களுக்குத்தான் குடத்தில் ஓலை. நீர் பாய்ச்சிய கைகளுக்கும், பூத்தொடுத்த கைகளுக்கும் அதில் இடமில்லை. இன்று அவர்கள் எல்லாருக்கும் ஓட்டு உண்டு.

ஆகவே ஓட்டுள்ள உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் ஊர்ப் பூங்காவுக்கும் குளத்துக்கும் பொறுப்பாளி யார்? சென்ற ஆண்டுக் கணக்கை அவரிடம் யாராவது கேட்டார்களா? உத்திரமேரூர்க் கல் ஆயிரத்து நூறு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நீங்களும் ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்!