பீய்ச்சு முறையிலிருந்து இரட்டைக் கார்புரேட்டருக்கு

பெட்ரோல் எஞ்சினைக் காற்றை உண்டு வாழும் யந்திரம் என்று கூறினும் தவறாகாது. எடையில் ஒரு பங்கு பெட்ரோல் முற்றிலும் எரிவதற்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இது ஏறக்குறைய 9 கன மீட்டர் காற்றாகும்; அதாவது, நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 3 மீட்டராக உள்ள அறையின் காற்றில் மூன்றில் ஒரு பங்கு. இவ்விகிதத்தை எஞ்சின் மெல்ல ஓடும்போதும், விரைந்து ஓடும்போதும், மேடேறும்போதும் காப்பாற்றுவதே எரிபொருள் அமைப்பின் வேலை.

இவ்வேலையை இரண்டு வகையாகச் செய்யலாம். கார்புரேட்டரில், உள்ளே விரையும் காற்றே தனக்கு வேண்டிய பெட்ரோலை உறிஞ்சிக் கொள்கின்றது. குறுகிய வழியில் காற்று விரையுமிடத்தில் அழுத்தம் குறைவதால், மெல்லிய துளையிலிருந்து பெட்ரோல் மேலெழும்பித் துளிகளாகச் சிதறுகின்றது. முன்னாளில் வீடுகளில் கொசு மருந்து தெளிக்கப் பயன்பட்ட ஃபிளிட் பம்பு ஒன்று கிடைக்குமாயின், அதில் தண்ணீரை ஊற்றி வகுப்பறையிலேயே இதை விளக்கலாம். மற்றது பீய்ச்சு முறை. இதில் பெட்ரோலைப் பம்பு ஒன்று உயர்ந்த அழுத்தத்துடன் தள்ள, ஓர் அளவி ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய அளவைப் பங்கிட்டுத் தருகின்றது.

கார்புரேட்டர் பழையது, பீய்ச்சு முறை புதியது என்பதே பொதுவான எண்ணம். ஆயினும் பீய்ச்சு முறையைக் கழற்றிவிட்டு இரட்டைக் கார்புரேட்டர்களைப் பொருத்துவோரும் உளர். பிரிட்டனின் டிரையம்ப் வண்டிகளில் இம்மாற்றம் பெரிதும் வழக்கமானது. அந்நிறுவனத்தின் ஹெரால்டு வண்டி 1961 முதல் சென்னையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் உருவாக்கப்பட்டதை நம் வாசகருள் மூத்தோர் நினைவுகூர்வர்.

டிரையம்ப் நிறுவனம் 1967-இல் டி.ஆர்.5 என்னும் வண்டியை வெளியிட்டது. அதன் எஞ்சின் ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்கள் கொண்டது. கொள்ளளவு 2498 கன செ.மீ. லூக்காஸ் நிறுவனத்தின் பீய்ச்சு அமைப்பைப் பெற்றிருந்த இந்த எஞ்சினின் ஆற்றல் 150 குதிரைத் திறன் என்று அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட டி.ஆர்.250 என்னும் உடன்பிறப்பிலோ அதே கொள்ளளவுள்ள எஞ்சினில் இரண்டு ஸ்டிராம்பர்க் கார்புரேட்டர்கள் இருந்தன. 1968-இல் வெளிவந்த 2.5 பி.ஐ. என்னும் குடும்ப வண்டியும் பீய்ச்சு முறையையே கொண்டிருந்தது. அதன் ஆற்றல் 132 குதிரைத் திறன். 1975-இல் அது நிறுத்தப்பட்டபோது அதனிடத்தைப் பெற்ற 2500 எஸ் வண்டியில் இருந்தவை இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்கள். ஆற்றல் 106 ஆகக் குறைந்தது. ஆக, தொழிற்சாலையே பின்னோக்கி நடந்தது எனலாம். இவ்விழப்பு முழுவதையும் கார்புரேட்டரின் தலையில் சுமத்துவது முறையன்று. கேம் தண்டு போன்ற பிற உறுப்புக்களும் உடன் மாற்றப்பட்டன.

லூக்காஸ் அமைப்பில் மின்னணுச் சாதனம் எதுவும் இல்லை. எஞ்சினின் பாதி வேகத்தில் சுழலும் உருளைக்குள் சிறிய ஓடம் ஒன்று இரு தடைகளுக்கிடையே முன்னும் பின்னும் ஓடி, ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒரு சிலிண்டருக்கு உரிய பெட்ரோலைத் தள்ளும். ஒரு தடை நிலையானது. மற்றொன்று உட்குழாயின் வெற்றிடத்திற்கேற்ப நகர்வது. ஓடத்தின் நடை நீண்டால் பெட்ரோல் மிகும்; குறுகினால் குறையும். எளிமையும் நுட்பமும் கூடிய அமைப்பு இது. ஆனால் இதற்குச் சதுர அங்குலத்திற்கு 100 பவுண்டுக்கு மேற்பட்ட அழுத்தம் தேவை. வண்டியின் பின்பகுதியில் வைக்கப்பட்ட மின் பம்பு அதைத் தந்தது. வெயில் நாளில், தொட்டியில் பெட்ரோல் குறைந்திருக்கும் வேளையில், பம்பு சூடேறும், உள்ளே பெட்ரோல் ஆவியாகும், அழுத்தம் விழும், எஞ்சின் திணறும். பழி அமைப்பு முழுவதற்கும் கிடைத்தது. பிற்காலத்தில் பலர் பம்பை மட்டும் நீக்கி, போஷ் நிறுவனத்தின் பம்பைப் பொருத்தி இக்குறையைத் தீர்த்துக்கொண்டனர். ஆதலின், திணறும் வண்டி வந்தவுடனே கார்புரேட்டரைத் தேடுவது அறிவுடைமை அன்று. முதலில் அழுத்தத்தை அளந்து பார்த்தல் வேண்டும். அளவி தேய்ந்து, அதைச் செப்பனிடும் வல்லுநரும் அருகில் இல்லாத இடத்திலேயே மாற்றம் பொருளுடையதாகின்றது.

ஆறு சிலிண்டருக்கு இரண்டு கார்புரேட்டர்கள் எவ்வாறு போதும்? இதற்கு விடை எரியும் வரிசையில் உள்ளது. இவ்வெஞ்சினில் அது 1, 5, 3, 6, 2, 4. முன் கார்புரேட்டர் 1, 2, 3 ஆம் சிலிண்டர்களுக்கும், பின் கார்புரேட்டர் 4, 5, 6 ஆம் சிலிண்டர்களுக்கும் உரியவை. வரிசையைப் பார்த்தால் முன், பின், முன், பின் என மாறி மாறி வருவது தெரியும். எனவே ஒவ்வொரு கார்புரேட்டரும் கிராங்க் தண்டின் 240 பாகைக்கு ஒருமுறை, சீரான இடைவெளியில், உறிஞ்சப்படுகின்றது. ஆனால் 150 குதிரைத் திறன் எஞ்சினின் கேம் தண்டு உள்வால்வை ஏறத்தாழ 280 பாகை திறந்து வைப்பது. ஒரு சிலிண்டர் மூடுமுன்னரே அடுத்தது திறந்து, ஒன்றன் காற்றோட்டம் மற்றதனைக் கலைக்கும். மேலும் உள்வால்வும் வெளிவால்வும் ஒருங்கே திறந்திருக்கும் நேரம் மிகுவதால், எரிந்த புகை உட்குழாய்க்குள் புகுந்து மெல்லோட்டத்தைக் குலைக்கும். பீய்ச்சு முறையில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காற்று வழி இருந்தமையால் இக்குறை அடங்கியிருந்தது. மெல்லோட்டம் சீராக வேண்டுமாயின் மென்மையான கேம் தண்டையும் உடன் மாற்றுதல் நலம்.

வேலையைத் தொடங்குமுன் குழாய்களின் அழுத்தத்தை விடுவித்தல் வேண்டும். பழைய பம்பை வைத்துக்கொண்டே கார்புரேட்டரைப் பொருத்துதல் பேராபத்து. கார்புரேட்டருக்குச் சதுர அங்குலத்திற்குச் சுமார் 3 பவுண்டு அழுத்தமே போதும். அதற்கு மேற்பட்டால் மிதவையின் ஊசியால் தடுக்க இயலாது, பெட்ரோல் வழிந்தோடும். இவ்வெஞ்சினில் உட்குழாயும் புகைக்குழாயும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. வழியும் பெட்ரோல் விழுவது கனலும் இரும்பின் மீது. குறைந்த அழுத்தப் பம்பும் வெப்பத் தடைத் தகடும் இன்றியமையாதவை. எஞ்சிய பெட்ரோல் தொட்டிக்குத் திரும்பிய வழியை அடைக்க வேண்டும். அளவி இருந்த இடத்தை மூடாவிடில் எண்ணெய் கசியும். பிரேக்கிற்குத் துணை செய்யும் வெற்றிடக் குழாயைப் புதிய உட்குழாயில் மறவாது இணைத்தல் வேண்டும். கழற்றிய உறுப்புக்களை எண்ணெய் பூசி, துணியில் சுற்றி வைத்திருப்பது நன்று. அவற்றை மீண்டும் தேடுவோர் இன்று பெருகியுள்ளனர்.

பழைய வண்டிக்குக் கூறிய இதனை இக்கால வண்டிகளுக்குக் கொள்ளலாகாது. அவற்றில் புகையிலுள்ள ஆக்சிஜனை அளந்து கலவையைத் திருத்தும் அமைப்பு உண்டு. அது நீங்கினால் புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கியும் பயனிழக்கும். உற்பத்தியாளர் பதிவு செய்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவும் தடுக்கின்றது.

எஸ்.யூ. கார்புரேட்டர்களைப் பொருத்திய பின், இரண்டும் சம அளவில் காற்றை இழுக்கச் செய்வதே முதற்பணி. விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. இரண்டு சாண் ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காற்று வாயிலிலும் வைத்துக் கேட்டால், இரண்டின் சீறலும் ஒத்திருக்கின்றதா என்பது விளங்கும். திராட்டில் திருகுகளைத் திருப்பி ஒலியைச் சமப்படுத்தலாம். அடுத்தது கலவை. கார்புரேட்டரின் பிஸ்டனைச் சுமார் ஒரு மில்லிமீட்டர் உயர்த்திப் பிடிக்க வேண்டும். எஞ்சின் வேகம் கூடி அவ்வாறே நின்றால் பெட்ரோல் மிகுதி. வேகம் உடனே விழுந்து எஞ்சின் நிற்கப் பார்த்தால் குறைவு. சிறிதளவு கூடிப் பின் இயல்புக்குத் திரும்பினால் கலவை சரியானது. ஒன்றைத் திருத்தினால் மற்றதன் நிலையும் சற்று மாறுமாதலால் இச்சோதனையை இருமுறையேனும் செய்தல் வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின்னர் ஆறு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, சிலிண்டர் வரிசையிலேயே ஒரு பலகையில் அடுக்கிப் பார்க்கலாம். முன் மூன்றும் கரிபடிந்து, பின் மூன்றும் வெளுத்திருக்குமாயின், ரப்பர்க் குழாயை மீண்டும் எடுக்க வேண்டியதே.