இருட்டில் ஒளியும் ‘கோடி’!

குட்டீஸ், பறவை பார்க்க யாராவது ராத்திரியில் போவார்களா? ‘ஜெர்டன் கோர்சர்’ பறவையைத் தேடினால் போகத்தான் வேண்டும்! ஆந்திராவின் கடப்பா பகுதி முட்புதர்க் காடுதான் இதன் வீடு. பகலில் பதுங்கிக்கொள்ளும். தெலுங்கில் ‘கலிவி கோடி’. கோடி என்றால் கோழி!

1900-க்குப் பிறகு யார் கண்ணிலும் படாததால், அழிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 1986-ல் உள்ளூர்க்காரர் ஒருவர், இரவில் டார்ச் அடித்து ஒன்றைப் பிடித்தார்!

பிறகு ஆய்வாளர்கள் புதர்களுக்கு நடுவே நைசான மண்ணைப் பரப்பி, காலையில் கால்தடம் தேடினார்கள். இடையில் பல ஆண்டுகள் தகவலே இல்லை. 2025 ஆகஸ்டில் ஒரு பறவை ஆர்வலர் குழு, அதன் குரலைப் பதிவு செய்தது. அப்பாடா, இன்னும் இருக்கிறது!

புதர்களை அழித்தால் அதற்குப் போக்கிடம் இல்லை. இனி, ‘வெறும் முட்புதர்தானே’ என்று சொல்வீர்களா?