இணையக் காமிக்ஸ்: ஒரு பக்கத்துக்கு ஏன் இத்தனை நாள்?

வாசகர் அரை நிமிடத்தில் படித்து முடிக்கும் இணையக் காமிக்ஸின் ஒரு பக்கத்தை வரைய, பொழுதுபோக்காக வரைபவருக்குப் பல நாள்கள் ஆவதுண்டு.

அச்சுக் காமிக்ஸ் நிறுவனங்களில் கதை, பென்சில் வரைவு, மை தீட்டுதல், வண்ணம், வசனம் பொருத்துதல் ஆகியவை வெவ்வேறு நபர்களிடம் பிரித்து அளிக்கப்படுவது வழக்கம். இங்கோ அனைத்தும் ஒருவரையே சேர்கின்றன. அதுவும் வேலையோ படிப்போ முடிந்த பின்னர்.

வண்ணத்தைவிட அதிகம் சோதிப்பது தொடர்ச்சிதான். கதாநாயகியின் முகம் எந்தக் கோணத்திலும் அதே முகமாகத் தெரிய வேண்டும். முதல் கட்டத்தில் இடது கையில் இருந்த குடை, மூன்றாவது கட்டத்தில் காரணமின்றி வலது கைக்கு மாறிவிடக் கூடாது. வசன பலூனுக்கு இடம் ஒதுக்க மறந்தால், பாடுபட்டு வரைந்த தலையே அதன் பின்னால் மறைந்துவிடும். கட்டத்தை மீண்டும் வரைய வேண்டியதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கை பழகப் பழக, பழைய பக்கங்கள் வரைந்தவருக்கே பிடிக்காமல் போகின்றன. அவற்றைத் திருத்த அமர்ந்தால், கதை பாதியில் நின்றுவிடும் அபாயம் உள்ளது.

ஜப்பானில் 'ஒன்' என்ற புனைபெயர் கொண்டவர் 2009-இல் இணையத்தில் தொடங்கிய 'ஒன்-பஞ்ச் மேன்', கரடுமுரடான கோடுகளுடனேயே நகர்ந்தது, வாசகர்களும் பெருகினர். 2012-இல் தொழில்முறை ஓவியர் யூசுகே முராதா அதே கதையைப் புதிதாக வரையத் தொடங்கினார். மூலத் தொடர் அதன் பிறகும் பழைய எளிய கோடுகளிலேயே தொடர்ந்தது.