காஸ்ட்கோவா, சாம்ஸ் கிளப்பா? கார்டு எடுக்கறதுக்கு முன்னாடி பில்லை எடுங்க

போன வருஷம் டல்லாஸ் பக்கத்துல பிளேனோவில் இருக்கற என் சித்தி பையன் வீட்டுக்குப் போயிருந்தேன். சனிக்கிழமை காலை காபி குடிச்சிட்டு இருக்கும்போது கேட்டான்: "அண்ணா, காஸ்ட்கோவையே ரெனியூ பண்றதா, இல்ல சாம்ஸ் கிளப்புக்கு மாறிடறதா? நீங்க சி.ஏ. ஆச்சே, கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

"கடைசி மூணு மாச கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டை எடுடா" என்றேன். நீங்களும் உங்களோடதை எடுத்து வெச்சுக்கிட்டுப் படிச்சா நல்லது.

இந்தியாவில் இருந்து படிக்கறவங்களுக்கு ஒரு வரி: இதெல்லாம் மெம்பர்ஷிப் கடைகள். வருஷச் சந்தா கட்டி கார்டு வாங்கினாத்தான் உள்ளே போய் வாங்க முடியும். எல்லாமே பெரிய பெரிய பேக்.

முதல்ல கட்டணம். காஸ்ட்கோவில் 2024 செப்டம்பரில் இருந்து சாதாரண கோல்ட் ஸ்டார் கார்டு 65 டாலர், எக்ஸிக்யூட்டிவ் 130 டாலர். சாம்ஸ் கிளப் 2022 அக்டோபரில் சாதாரண கார்டை 50, பிளஸ் கார்டை 110 டாலர்னு ஏத்தினாங்க. கிழக்குப் பக்கம், நியூ ஜெர்சி மாதிரி இடத்துல இருக்கறவங்களுக்குப் பிஜேஸ்னு மூணாவது ஒண்ணு இருக்கு. 2025 ஜனவரியில் அது 60, 120 ஆனது. சேர்ற அன்னிக்கு என்ன ரேட்டுன்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க. ஏறுமே தவிர இறங்கற வழக்கம் இல்லை.

பெரிய கார்டு எதுக்கு? மூணு கடையிலும் வாங்கற சாமானுக்கு 2 சதவீதம் திரும்ப வரும் (பெட்ரோலுக்குக் கிடையாது). காஸ்ட்கோவில் பெரிய கார்டுக்கு நீங்க கூடுதலா கட்டறது 65 டாலர். அந்த 65ஐ 2 சதவீதத்துல திரும்ப எடுக்கணும்னா வருஷத்துக்கு 3,250 டாலருக்கு, அதாவது மாசம் சுமார் 271 டாலருக்கு வாங்கணும். சாம்ஸ்லயும் பிஜேஸ்லயும் வித்தியாசம் 60 டாலர். அங்கே மாசம் 250 டாலர் போதும்.

இப்போ தம்பி ஸ்டேட்மென்ட்டுக்கு வருவோம். மூணு மாசத்துல 2,790 டாலர். மாசம் 930. எக்ஸிக்யூட்டிவ் கார்டு வெச்சிருக்கான். சூத்திரப்படி பார்த்தா அவனுக்கு அது அமோக லாபம். பிரச்னை அங்கேதான் இருக்கு.

பில்லை ஒவ்வொண்ணா பிரிச்சோம். பால், முட்டை, வெண்ணெய், முந்திரி, டிஷ்யூ, சோப்புன்னு வீட்டுக்கு நிஜமா வேண்டியது 720 டாலர். மாசம் 240. மிச்சம் 2,070 டாலருக்கு என்ன வாங்கினான்? ஒரு சவுண்ட்பார். கேம்பிங் டென்ட் (ஒரு தடவைகூட கேம்பிங் போனதில்லை). ரெண்டு ஜாக்கெட். ஒரு ஏர் ஃபிரையர், பெட்டிகூட பிரிக்கலை. "ஆஃபர்ல இருந்துச்சுண்ணா" என்றான். தம்பி மனைவி எதுவும் பேசாம தோசை ஊத்திட்டு இருந்தாங்க.

மாசம் 240ன்னா, எக்ஸிக்யூட்டிவுக்கு வேண்டிய 271ஐத் தொடவே இல்லை. அந்த 2 சதவீதம் நியாயமாகறதே வேண்டாத சாமானாலதான். 98 டாலர் போனாத்தான் 2 டாலர் வரும்னு யாரும் அப்படித் திருப்பிப் போட்டுப் பார்க்கறதில்லை.

நான் ஏன் இதை இவ்வளவு பெருசு பண்றேன்னு கேக்கலாம். அவன் ஹெச்1பி. வேலை போச்சுன்னா அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அதுக்குள்ள வேற வேலை பிடிக்கணும், இல்லேன்னா பெட்டி கட்டணும். அவசரத்துக்குன்னு அவன் சேவிங்ஸ்ல வெச்சிருந்தது ஒரு மாச வாடகைக்குக்கூட வராது. அந்த 2,070 டாலர் அங்கே இருந்திருக்கணும்.

இந்தக் கடைகள் ஏமாத்துதுன்னு நான் சொல்லலை. உண்மையில் விலை குறைச்சல்தான். காஸ்ட்கோவோட கணக்கையே பாருங்க. 2024 நிதியாண்டுல செயல்பாட்டு லாபம் சுமார் 930 கோடி டாலர். அதுல மெம்பர்ஷிப் கட்டணமா வந்தது மட்டும் சுமார் 480 கோடி. லாபத்துல பாதிக்கு மேல சந்தாவுலயே வந்துடுது. சரக்குல அவங்க வைக்கற மொத்த லாபம் 11 சதவீதம் வாக்குல. சாதாரண சூப்பர் மார்க்கெட்டில் அது 20க்கு மேல. ஆக, சந்தா கட்டின நீங்க அதைத் திரும்ப எடுக்கற இடம், தினசரி சாமான். குறிப்பா அவங்க சொந்த பிராண்டு.

காஸ்ட்கோவுக்குக் கிர்க்லண்ட் சிக்னேச்சர். 1995ல் ஆரம்பிச்சாங்க, கம்பெனி தலைமையகம் இருந்த ஊர்ப் பேரையே வெச்சுட்டாங்க. சாம்ஸுக்கு மெம்பர்ஸ் மார்க். பிஜேஸ்ல சாப்பாட்டுச் சாமானுக்கு வெல்ஸ்லி ஃபார்ம்ஸ், மத்ததுக்குப் பெர்க்லி ஜென்சன். சொந்த பிராண்டுன்னா மட்டம்னு நம்ம ஊர்ப் பழக்கத்துல ஒரு நினைப்பு இருக்கும். இங்கே அப்படி இல்லை. கிர்க்லண்ட் காபிப் பொட்டலம் சிலதுல, ஸ்டார்பக்ஸ் வறுத்ததுன்னே அச்சடிச்சிருந்த காலம் உண்டு.

நம்ம வீட்டுக் கணக்குல எது தேறும்? உப்பில்லாத வெண்ணெய் முதல் இடம். பவுண்டு பவுண்டா வாங்கி வீட்லயே நெய் காய்ச்சிடுங்க. பாட்டில் நெய்யோட விலையைப் பக்கத்துல வெச்சுப் பார்த்தா சிரிப்பு வரும். அப்புறம் முந்திரி, பாதாம். டாய்லெட் பேப்பர், பாத்திர மெஷினுக்கான சோப்பு. டெக்சாஸ்ல சீடர் மரத்து மகரந்தத்தால தும்மறவங்களுக்கு ஒண்ணு: கிர்க்லண்ட் அலர்-டெக் நம்ம ஊர் செட்ரிசின்தான், 365 மாத்திரை ஒரே டப்பாவுல. பெரிய பிராண்டு ஸிர்டெக்லயும் இருக்கறது அதே மருந்து.

இட்லி அரிசி, உளுந்து, நல்லெண்ணெய், புளி எல்லாத்துக்கும் எப்படியும் இந்தியன் கடைக்குத்தான் போகப் போறீங்க. அதனால உங்க மளிகைச் செலவு முழுசையும் காஸ்ட்கோ கணக்குல போட்டுப் பார்க்காதீங்க. பாதிதான் அங்கே போகும்.

கெட்டுப் போற சாமானுக்குத் தனிக் கணக்கு. 20 சதவீதம் மலிவா வாங்கி, அதுல 20 சதவீதத்தைக் குப்பையில கொட்டினா சரிக்குச் சரி. அதுக்கு மேல ஒரு கைப்பிடி கொட்டினாலும் நீங்கதான் நஷ்டம். தம்பி வீட்டு ஃபிரிட்ஜ்ல கீரை டப்பா ரெண்டு, தண்ணி விட்டுப்போய்க் கிடந்தது. ரெண்டு கேலன் பால் பேக்கும் அப்படித்தான். ரெண்டு பேர் இருக்கற வீட்டுல, தயிருக்கு உறை ஊத்தற பழக்கம் இருந்தா வாங்குங்க, இல்லேன்னா வேண்டாம்.

விலை அட்டையில சின்ன எழுத்துல இருக்கற யூனிட் விலையைப் பாருங்க. ஒரு கடையில பவுண்டுக்குப் போட்டிருப்பான், இன்னொரு கடையில அவுன்ஸுக்கு. 16 அவுன்ஸ் ஒரு பவுண்டு. போன்ல கால்குலேட்டர் இருக்கு.

இப்போ, எது எடுக்கறது? பக்கத்துல எது இருக்கோ அதுக்குத்தான் என் முதல் ஓட்டு. அரை மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் மிச்சம் பிடிக்கறதுல அர்த்தம் இல்லை. புதுசா அமெரிக்கா வந்தவங்க ஒண்ணு கவனிங்க: காஸ்ட்கோ கடையில கிரெடிட் கார்டுன்னா விசா மட்டும்தான். உங்க முதல் கார்டு டிஸ்கவர்னா அங்கே செல்லாது, டெபிட் கார்டுலதான் கட்டணும். சாம்ஸ்ல செல்லும். சாம்ஸ் ஆப்ல ஸ்கேன் அண்ட் கோ இருக்கு. ஒவ்வொரு சாமானையும் போன்ல ஸ்கேன் பண்ணும்போதே மொத்தம் எவ்வளவுன்னு கண் முன்னாடி ஏறிட்டே வரும். கை நீளறவங்களுக்கு அதைவிட நல்ல பிரேக் இல்லை. பிஜேஸ்ல கம்பெனி கூப்பனும் எடுத்துக்கறாங்க, வெட்டி ஒட்டப் பொறுமை இருந்தா அதுவும் காசுதான்.

ஒரே வீட்டுல ரூம்மேட்டோட இருந்தா, காஸ்ட்கோவில் அதே முகவரியில இருக்கற இன்னொருத்தருக்கு இலவசமா ஒரு கார்டு தருவாங்க. ஆளுக்கு 32.50 டாலரோட முடிஞ்சது. பிடிக்கலைன்னா எப்போ வேணும்னாலும் ரத்து பண்ணி சந்தாவை முழுசா திரும்ப வாங்கிக்கலாம்னும் அவங்களே சொல்றாங்க. அதனால பயந்து யோசிக்க வேண்டாம், சின்ன கார்டுல ஆரம்பிங்க. மூணு மாச பில்லுல, வீட்டுச் சாமான் மட்டும் மாசம் 271ஐத் தாண்டினா அப்போ பெரிய கார்டுக்கு மாறுங்க.

தம்பி காஸ்ட்கோவிலேயே இருந்துட்டான், ஆனா கோல்ட் ஸ்டாருக்கு இறங்கிட்டான். மாசம் 500 டாலர், சம்பளம் வந்த அன்னிக்கே தனி சேவிங்ஸ் அக்கவுன்ட்டுக்குப் போற மாதிரி ஆட்டோ டிரான்ஸ்ஃபரும் போட்டாச்சு. போன வாரம் போன் பண்ணினான். அந்த ஏர் ஃபிரையரைத் திருப்பிக் கொடுக்க சனிக்கிழமை கடைக்குப் போறானாம். வண்டி எடுக்காதே, கையில தூக்கிட்டுப் போய்க் கொடுத்துட்டு வெறுங்கையோட வெளியே வாடான்னு சொல்லி வெச்சிருக்கேன். கடைக்குள்ள உருட்டற வண்டியைச் சொன்னேன்.