ரீல்ஸ், ஷார்ட்ஸ் வீடியோக்கள்: எக்ஸ்போர்ட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

ரீல்ஸ், ஷார்ட்ஸ் போடுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "எடிட் பண்ணும்போது பளிச்சுன்னு இருக்கு, அப்லோட் பண்ணதும் மங்கிப் போகுது." உடனே கிடைக்கும் அறிவுரை, "பிட்ரேட்டைக் கூட்டுங்க, 4கே-வில் எக்ஸ்போர்ட் பண்ணுங்க." கூட்டிப் பார்ப்பார்கள். ஃபைல் பெரிதாகும், மங்கல் அப்படியே இருக்கும். ஏன் இப்படி என்று தோண்டிப் பார்த்ததில் கிடைத்த குறிப்புகளை இங்கே தொகுத்து வைக்கிறேன்.

அடிப்படை விஷயம் ஒன்றுதான். நாம் எக்ஸ்போர்ட் செய்யும் ஃபைலை யாருமே பார்ப்பதில்லை. அதை வாங்கிக்கொள்ளும் தளம் மறுபடி சுருக்கி, பல அளவுகளில் பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறது. பார்ப்பவரின் நெட் வேகத்தைப் பொறுத்து அவற்றில் ஒன்று அவர் போனுக்குப் போகிறது. நாம் கொடுப்பது சோறு இல்லை, அரிசி. பொங்குவது அவர்கள். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி "என் ஃபைல் எவ்வளவு அழகாக இருக்கிறது?" என்பதல்ல. "இன்னொரு முறை சுருக்கினால் எவ்வளவு மிஞ்சும்?" என்பதுதான்.

எவ்வளவு சுருங்குகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1080×1920 என்றால் சுமார் 20.7 லட்சம் பிக்சல். பிக்சலுக்கு 3 பைட், நொடிக்கு 30 ஃபிரேம் என்று வைத்தால், சுருக்காத வீடியோவுக்கு நொடிக்குச் சுமார் 1,490 மெகாபிட் வேண்டும். நாம் எக்ஸ்போர்ட் செய்வதோ 10 மெகாபிட் அளவில். கிட்டத்தட்ட 150-ல் ஒரு பங்கு.

இது எப்படி முடிகிறது? முக்கியமாக இரண்டு வழிகளில். ஒன்று, முந்தைய ஃபிரேமிலிருந்து மாறியதை மட்டும் எழுதி, மாறாததை அப்படியே எடுத்துக்கொள்வது. இரண்டு, நம் கண் வெளிச்ச வேறுபாட்டைப் பார்க்கும் அளவுக்கு நிற வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்க்காது என்பதால், நான்கு பிக்சலுக்கு ஒரு நிறம் மட்டும் சேமிப்பது. இதைத்தான் 4:2:0 என்கிறார்கள். அதாவது உங்கள் 1080×1920 வீடியோவில் நிறம் மட்டும் 540×960 தான்.

இதிலிருந்தே எது கெடும் என்று ஊகிக்கலாம். ஒருவர் உட்கார்ந்து பேசும் வீடியோ எளிதில் சுருங்கும். மழை, காற்றில் ஆடும் தென்னங்கீற்று, கை நடுக்கம், இருட்டில் எடுத்ததால் வரும் புள்ளிப்புள்ளியான நாய்ஸ், அழகுக்காகச் சேர்க்கும் ஃபிலிம் கிரெயின் எல்லாம் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுபவை. அவற்றுக்கே பிட்டுகள் செலவாகிவிட்டால் முகத்துக்கு மிச்சம் இருக்காது.

எல்லா வீடியோவுக்கும் ஒரே கவனிப்பு இல்லை

2024-ல் இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொன்னார். அதிகம் பார்க்கப்படும் வீடியோக்களுக்குக் கூடுதல் கணினி நேரம் செலவிட்டு நன்றாகச் சுருக்குகிறார்கள். நாளாகி யாரும் பார்க்காமல் போனால் தரத்தைக் குறைக்கிறார்கள். அவர்கள் செலவுக் கணக்கில் இது நியாயமாக இருக்கலாம். ஆனால் நானூறு பேர் பார்க்கும் ஒரு சமையல் பக்கத்துக்கோ, பள்ளிப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கோ இதன் பொருள் என்ன? அவர்கள் வீடியோவுக்கு அந்தக் கூடுதல் உழைப்பு கிடைக்காது. மிகச் சிக்கனமாகச் சுருக்கினாலும் தாங்குகிற மாதிரி ஃபைல் கொடுப்பது பெரிய கணக்குகளைவிடச் சிறிய கணக்குகளுக்குத்தான் அவசியம்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

*அளவு:* 1080×1920 போதும். 4கே-வில் படம் எடுப்பது நல்லதுதான், எடிட்டிங்கில் க்ராப் செய்ய இடம் கிடைக்கும். ஆனால் 1080-ல் எடுத்ததை 4கே-வாக ஊதிப் பெருக்கி அனுப்பினால் புதிதாக எந்த விவரமும் முளைக்காது.

*கோடெக்:* எம்பி4 ஃபைலில் எச்.264. 2003-ல் வந்த பழைய தரம்தான், ஆனால் எல்லா இடத்திலும் தகராறு இல்லாமல் ஓடும்.

*பிட்ரேட்:* 1080 அளவுக்கு யூடியூப் சொல்லும் பரிந்துரை 30 ஃபிரேமுக்கு 8 மெகாபிட், 60 ஃபிரேமுக்கு 12. நான் 30 ஃபிரேமுக்கு 12 முதல் 15 வரை வைக்கிறேன். காரணம் இருக்கிறது. குறைந்த பிட்ரேட்டில் சுருக்கினால் படத்தில் கட்டம் கட்டமாகத் திட்டுகள் வரும். தளத்தின் கருவிக்கு அது திட்டு என்று தெரியாது. அதையும் படத்தின் விவரமாக நினைத்து அதற்கும் பிட் செலவழிக்கும். ஆகவே கொஞ்சம் தாராளமாகக் கொடுப்பது சரி. 50, 60 என்று ஏற்றுவதில் பயன் இல்லை, அப்லோட் நேரமும் டேட்டாவும்தான் வீண்.

*ஃபிரேம் ரேட்:* எதில் எடுத்தீர்களோ அதில்தான் எக்ஸ்போர்ட். 25-ல் எடுத்ததை 30 ஆக்கினால் நொடிக்கு 5 ஃபிரேம்களை இரண்டு தடவை காட்ட வேண்டிவரும், கேமரா நகரும்போது தெற்றும். ரீல்ஸுக்குக் குறைந்தது 30 இருக்கட்டும் என்பது இன்ஸ்டாகிராமின் பரிந்துரை, ஆகவே எடுக்கும்போதே 30 வைத்துவிடுங்கள். நம் ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வைத்தால் அந்த மினுக்கல் படத்தில் தெரியாது.

*நிறம்:* எஸ்டிஆர், ரெக்.709. ஐபோன் 12 முதல் வந்த போன்களில் எச்டிஆர் பதிவு உண்டு. சரியாக மாற்றாமல் அனுப்பினால் மற்ற போன்களில் வெளிறித் தெரியும். கேமரா செட்டிங்கிலேயே அதை அணைத்துவிடலாம்.

*ஒலி:* ஏஏசி, 48 கிலோஹெர்ட்ஸ். இதில் யோசிக்க அதிகம் இல்லை.

புள்ளி போனால்…

தமிழில் சப்டைட்டில் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. எழுத்தின் மேல் வைக்கும் புள்ளி 8 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். நெட் மந்தமாக இருப்பவருக்கு 480 பிக்சல் அகலப் பிரதி போனால் அது மூன்றரை பிக்சல்தான். எழுத்து சிவப்பாகவும் பின்னணி நீலமாகவும் இருந்தால் நிறம் பாதி நுணுக்கத்தில்தான் இருக்கிறது என்பதால் ஓரம் கசிந்து, புள்ளி கரைந்தே போகலாம். 'கல்வி' என்ற சொல்லில் புள்ளி போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

அதனால் எழுத்து பெரிதாக, தடிமனாக இருக்கட்டும். வெள்ளை எழுத்துக்குக் கறுப்புப் பட்டை போதும். கீழே தலைப்பும் வலது ஓரம் பட்டன்களும் வந்து மறைக்கும், ஆகவே எழுத்தைக் கொஞ்சம் மேலே தள்ளியே வையுங்கள்.

வழியில் நடக்கும் திருட்டு

கம்ப்யூட்டரில் எடிட் செய்து, வாட்ஸ்அப் வழியாகப் போனுக்கு அனுப்பி, அங்கிருந்து அப்லோட் செய்பவர்கள் நிறையப் பேர். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அங்கேயே ஒரு சுருக்கல் நடந்துவிடும். பிறகு எந்த செட்டிங்கும் உதவாது. 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், அல்லது கேபிள், டிரைவ் வழியே மாற்றுங்கள். இன்ஸ்டாகிராம் செட்டிங்கில் மீடியா குவாலிட்டி பகுதியில் உயர்ந்த தரத்தில் அப்லோட் செய்யும் தேர்வு இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள்.

கடைசியாக, சோதிக்கும் முறை. எடிட் செய்த பெரிய திரையில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அப்லோட் ஆன பிறகு, வீட்டில் இருப்பதிலேயே பழைய போனை எடுத்து, வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் ஓட்டிப் பாருங்கள். எழுத்து படிக்க முடிகிறதா, முகம் முகமாக இருக்கிறதா, பேச்சு புரிகிறதா? மூன்றுக்கும் "ஆமாம்" என்றால் உங்கள் செட்டிங் சரி. எண்களை அதற்கு மேல் நோண்ட வேண்டாம், அந்த நேரத்தில் நல்ல வெளிச்சம் வரும் ஜன்னல் ஓரமாகப் பார்த்து அடுத்த வீடியோவை எடுங்கள். வெளிச்சம் நன்றாக இருந்தால் நாய்ஸ் குறையும். நாய்ஸ் குறைந்தால், எவ்வளவு கஞ்சத்தனமாகச் சுருக்கினாலும் படம் தாங்கும்.