வயலோரத்து வர்ணப் பட்சிகள்

குடவாசல் என்றதும் அடியார்களுக்குக் கருடன் நினைவு வரும். அமிர்த கலசம் ஏந்தி வந்த கருடபகவான் இங்கே கோணேசுவரரை வழிபட்டார் என்பது ஸ்தல புராணம். அக்கருடனென்றே நாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் செம்பருந்து, வெண்ணிற மார்பும் செங்காவிச் சிறகும் விளங்க, இன்றும் இப்பக்கத்துக் குளங்களின்மேல் வட்டமிடுகிறது. அண்ணாந்து பார்த்த கண்ணைச் சற்றே தாழ்த்தினால், வாய்க்கால் கரையிலும் ஒரு வர்ணக் காட்சி காத்திருக்கிறது.

நீல முதுகும் சிவந்த அலகும் உடைய மீன்கொத்தியை அறியாதார் இல்லை. கம்பியில் மங்கலாய்க் குந்தியிருக்கும் பனங்காடை, சிறகை விரித்ததும் இரு வகை நீலமாய் ஜொலிக்கும். வெட்டுக்கிளியையும் வண்டையும் தின்று கூலி கேளாமல் வயலைக் காக்கும். கோரை மண்டிய குளத்திலே செந்நெற்றியுடன் நடை பயில்வது நீலத் தாழைக்கோழி.

ஆயினும் இவை யாவற்றிலும் அபூர்வமான விருந்தாளி ஆறுமணிக் குருவியே. மைனாவினும் சற்றுச் சிறியது, குட்டை வால். பச்சை முதுகு, நீலத் தோள், சந்தன நிற மார்பு, செவ்வயிறு, கண்ணிலே மை தீட்டியது போன்ற கரும்பட்டை. வடக்கே இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்து, ஐப்பசியை ஒட்டித் தெற்கே வருகிறது. இலங்கை வரையிலும் செல்கிறது. யாத்திரையெல்லாம் இரவில்தான். தோப்பிலும் மூங்கிற் புதரிலும் சருகைக் கிளறிப் புழு பூச்சி தேடும் இது, காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குச் சீழ்க்கையடிப்பதால் இப்பெயர் பெற்றது.

நெடுவழி வந்த களைப்பில் சில சமயம் வீட்டுத் திண்ணையிலேயே விழுந்துவிடுவதுண்டு. அழகில் மயங்கிக் கூண்டைத் தேட வேண்டாம். பூனையும் காகமும் அணுகாதபடி காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்திருந்து, தெளிந்ததும் அந்தி வேளையில் தோப்பில் விட்டுவிடுவதே தர்மம்.

சீமைச் சீமாட்டிகளின் தொப்பிக்காக நம் பறவைகளின் இறகு கப்பலேறிய காலம் ஒன்றிருந்தது. 1902-இல் அந்த ஏற்றுமதி தடுக்கப்பட்டது. சுதந்திர பாரதம் 1972-இல் வன உயிர்களைக் காக்கச் சட்டம் செய்தது. நமது திருவாரூர் மாவட்டத்து வடுவூர் ஏரியும் 1999 முதல் சரணாலயமாயிற்று. 2022-இல் ராம்சர் பட்டியலிலும் இடம் பெற்றது. ஆனால் சரணாலயத்துக்கு வெளியே வலையும் விஷ மருந்தும் ஓயவில்லை. நிழல் தரும் தோப்புகளும் அருகி வருகின்றன. அந்நியன் கையைத் தடுத்தது சட்டம். நம் கையைத் தடுக்க வேண்டியது நம் மனமே.

பெற்றோர்களே, இந்த ஐப்பசி மாலையில் குழந்தைகளைக் கொல்லைப்புறம் அழைத்துச் சென்று, ஆறு மணிக்குச் சற்றே செவி கொடுக்கச் செய்யுங்கள்.